பத்தாவது முடிந்தது, அடுத்து என்ன?



வீட்டில் ஒன்பதாவது, பத்தாவது படிக்கிற பிள்ளை இருக்கிறதா? இருந்தால் ஒரு கேள்வி அடிக்கடி காதில் விழும். கல்யாண வீட்டில் கேட்பார்கள். ரேஷன் கடை வரிசையில் கேட்பார்கள். "உங்க பிள்ளை மேல என்ன படிக்கப் போகுது? என்ன வேலைக்குப் போகப் போகுது?"

பிள்ளையைக் கேட்டால் பதில் நான்கு வேலைக்குள் நின்றுவிடும். டாக்டர், இன்ஜினியர், டீச்சர், போலீஸ். இப்போது கம்ப்யூட்டர் வேலையும் சேர்ந்து ஐந்து. பிள்ளை மேல் தப்பில்லை. கண்ணால் பார்த்த வேலையைத்தான் அது சொல்லும். பார்க்காத வேலையை எப்படிச் சொல்லும்?

அப்பா, அம்மாவைக் கேட்டால் வேறு பதில் வரும். "எங்களுக்கு என்னங்க தெரியும்? நாங்க படிச்சவங்களா?"

இந்தப் பதில் சரியில்லை. பிள்ளைக்கு வேலை தேடிக் கொடுக்க அப்பா, அம்மாவால் முடியாமல் போகலாம். ஆனால் வேலைகளைக் காட்ட முடியும். கேள்வி கேட்க முடியும். ஒரு விண்ணப்பத்தை எழுத்துக் கூட்டிப் படிக்க முடியும். பதினைந்து வயதுப் பிள்ளைக்கு இந்த உதவிதான் அவசரம்.

முன்பெல்லாம் இந்தக் கேள்வியே பல வீடுகளில் கிடையாது. அப்பன் தொழில் பிள்ளைக்கு. அவ்வளவுதான். அப்படி இருந்த ஓர் ஊர் கோலார் தங்கவயல்.

தங்கவயல் கர்நாடகத்தில் இருக்கிறது. 1880இல் ஜான் டெய்லர் என்ற வெள்ளைக்காரக் கம்பெனி அங்கே தங்கச் சுரங்க வேலையைத் தொடங்கியது. வட ஆர்க்காடு, சித்தூர் பக்கத்திலிருந்து ஆயிரக்கணக்கான ஏழைக் குடும்பங்கள் கூலிக்குப் போய்ச் சேர்ந்தன. தமிழ்க் குடும்பங்கள்தான் அதிகம். சுரங்கம் பூமிக்குள் 3 கிலோமீட்டருக்கு மேல் ஆழம் போனது. கீழே போகப் போகச் சூடு. பாறையை வெடி வைத்துப் பிளப்பார்கள். அந்தத் தூசி நெஞ்சில் படிந்து பலருக்கு நோயானது.

ஆனாலும் வேலை இருந்தது. தாத்தா சுரங்கத்தில். அப்பா சுரங்கத்தில். மகனும் சுரங்கத்தில். பிள்ளை என்ன ஆவான் என்று யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவையும் இல்லை.

2001, பிப்ரவரி 28. சுரங்கம் மூடப்பட்டது. தங்கத்தை வெளியே எடுக்க ஆகும் செலவு, கிடைக்கும் தங்கத்தின் விலையைவிடக் கூடிவிட்டது என்று காரணம் சொன்னார்கள். நூறு வருடத்துக்கு மேல் ஓடிய தொழில் நின்றுபோனது. இன்று தங்கவயல் மக்கள் ஆயிரக்கணக்கில் விடியுமுன் எழுந்து ரயில் ஏறுகிறார்கள். சுமார் 100 கிலோமீட்டர் தள்ளி இருக்கிற பெங்களூருக்குப் போய் வேலை செய்துவிட்டு, இரவு வீடு திரும்புகிறார்கள்.

சுரங்கம் மூடியது ஒரு ஊரில். ஆனால் எல்லா ஊரிலும் ஏதோ ஒரு தொழில் மறைந்துகொண்டுதான் இருக்கிறது. அச்சுக் கோக்கிறவர்கள் எங்கே போனார்கள்? ஊருக்கு ஊர் இருந்த தட்டச்சுப் பள்ளிகள் எங்கே? எஸ்.டி.டி. பூத் எங்கே? அதனால்தான் பிள்ளைக்கு ஒரே ஒரு வேலையைக் காட்டுவது போதாது.

சரி, எப்படிக் காட்டுவது?

தங்கவயலில் ஒரு வீட்டை மனதில் நினைத்துக்கொள்வோம். தாத்தா சுரங்கத்தில் உழைத்தவர். அப்பா பெங்களூரில் பெயிண்ட் அடிக்கிறார். காலை ரயிலில் போகிறவர், இரவு ஒன்பது மணிக்கு வருகிறார். அம்மா எழுத்தறிவு வகுப்பில் சேர்ந்து படிக்கக் கற்றவள். பெண் பத்தாவது. பையன் ஒன்பதாவது.

ஒரு நாள் பெண் சொல்கிறாள்: "அம்மா, நான் நர்ஸ் ஆகப் போறேன்."

"ஏன்டி?"

"வெள்ளை உடுப்பு நல்லா இருக்கும்மா. எல்லாரும் சிஸ்டர், சிஸ்டர்னு மரியாதையா கூப்பிடறாங்க."

இந்த இடத்தில் பல வீடுகளில் இரண்டு விதமாக நடக்கும். ஒன்று, "நம்ம தகுதிக்கு அதெல்லாம் எதுக்கு?" என்று வாயை அடைப்பார்கள். இல்லாவிட்டால், "என் மக நர்ஸு" என்று அன்றே ஊர் முழுக்கச் சொல்லிவிடுவார்கள். பிறகு பிள்ளை மனம் மாறினால் கௌரவப் பிரச்சினை ஆகிவிடும்.

இந்த அம்மா இரண்டையும் செய்யவில்லை. "நர்ஸ் வேலைன்னா என்னன்னு உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. பாட்டிக்கு சுகர் மாத்திரை வாங்க ஆஸ்பத்திரிக்குப் போகணும்ல? நீயும் வா. கேட்டுட்டு வரலாம்" என்றாள்.

அரசு ஆஸ்பத்திரிக்கு எல்லோரும் போயிருக்கிறோம். சீட்டு வாங்குவோம், டாக்டரைப் பார்ப்போம், மாத்திரை வாங்குவோம், வந்துவிடுவோம். நோயாளியாகப் போனால் டாக்டரும் நர்ஸும்தான் கண்ணுக்குத் தெரிவார்கள். அன்று அம்மாவும் பெண்ணும் வேறு கண்ணோடு போனார்கள்.

எத்தனை வேலை! சீட்டு எழுதுகிறவர் ஒருவர். மாத்திரை கொடுக்கிறவர் ஒருவர். அவர் பார்மசிஸ்ட். ரத்தம் எடுத்துப் பரிசோதிக்கிறவர் ஒருவர். அவர் லேப் டெக்னீஷியன். எக்ஸ்ரே எடுக்கிறவர் இருக்கிறார். சிறுநீரகம் கெட்டவர்களுக்கு ரத்தத்தைச் சுத்தம் செய்கிற டயாலிசிஸ் இயந்திரத்தைக் கவனிக்கிறவர் இருக்கிறார். ஆபரேஷன் அறையில் கருவிகளை எடுத்து வைத்துத் தயார் செய்கிறவர் இருக்கிறார். கண்ணைப் பரிசோதித்துக் கண்ணாடி நம்பர் சொல்கிறவர் இருக்கிறார். கை கால் விழுந்தவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறவர் இருக்கிறார். 108 வண்டியில் டிரைவர் மட்டுமா? கூடவே முதலுதவி தெரிந்த ஒருவரும் வருகிறார். மின்சாரம் போனால் ஜெனரேட்டர் ஓட வேண்டும். அதற்கு எலக்ட்ரீஷியன் வேண்டும். நோயாளிகளுக்குச் சமைக்க, துணி வெளுக்க, கணக்கு எழுத ஆட்கள் வேண்டும்.

ஒரு கட்டடத்துக்குள் இத்தனை வேலை. இத்தனைக்கும் தனித்தனிப் படிப்பு, தனித்தனிப் பயிற்சி.

வார்டில் கூட்டம் குறைந்த நேரம் பார்த்து அம்மா ஒரு நர்ஸிடம் போனாள். "சிஸ்டர், என் பொண்ணு உங்க வேலைக்கு வரணும்கிறா. ரெண்டு வார்த்தை சொல்லுங்களேன்."

வேலை செய்கிறவர்களிடம் இப்படிக் கேட்டால் பெரும்பாலோர் சொல்வார்கள். யாரும் தங்கள் வேலையைப் பற்றிக் கேட்பதே இல்லை. கேட்டால் சந்தோஷம்தான் படுவார்கள். என்ன கேட்பது? எத்தனை மணிக்கு வருவீர்கள், எத்தனை மணிக்குப் போவீர்கள்? இந்த வேலையில் கஷ்டமானது எது? பிடித்தது எது? எங்கே படித்தீர்கள், எத்தனை வருடம்? செலவு என்ன ஆயிற்று? சேர்ந்தபோது என்ன சம்பளம்? இவ்வளவு போதும்.

நர்ஸ் சொன்னார்: "இரவு ட்யூட்டி உண்டு. தீபாவளி, பொங்கல் கிடையாது. நாள் முழுக்க நிக்கணும், கால் வலிக்கும். ரத்தம், சீழ், மலம் எல்லாம் பார்க்கணும், முகம் சுளிக்கக் கூடாது. ஆனா சாகக் கிடந்தவர் நடந்து வீட்டுக்குப் போறதைப் பார்க்கிறப்போ ஒரு சந்தோஷம் வரும் பாரு."

திரும்பி வரும்போது பெண் பேசவே இல்லை. வீட்டுக்கு வந்ததும் கேட்டாள்: "அம்மா, அந்த ரத்தம் பரிசோதிக்கிற இடத்துல ஒரு அக்கா கண்ணாடி மாதிரி ஒண்ணுல குனிஞ்சு பாத்துட்டு இருந்தாங்களே, அதுக்கு என்ன படிக்கணும்?"

வெள்ளை உடுப்பில் தொடங்கிய ஆசை இந்தக் கேள்வியில் வந்து நின்றது. நர்ஸ் ஆசை போய்விட்டது என்று சொல்ல முடியாது. இரண்டும் மனதில் இருக்கிறது. இருக்கட்டும். பதினைந்து வயதில் மனம் மாறுவது குற்றமில்லை. நாற்பது வயதில் எத்தனை பேர் தொழில் மாறுகிறார்கள்! பிள்ளை மட்டும் ஒரே வார்த்தையில் நிற்க வேண்டும் என்றால் எப்படி?

ஆனால் ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். மனம் மாறலாம். படிப்பின் கதவுகள் சில, ஒருமுறை மூடினால் திறப்பது கஷ்டம். அந்தக் கதவுகள் பதினோராம் வகுப்பில் இருக்கின்றன.

பத்தாவது வரைக்கும் எல்லாப் பிள்ளைக்கும் ஒரே பாடம். பதினோராவதில் பிரிவு எடுக்க வேண்டும். இந்த இரண்டு வருடத்தைக் கர்நாடகத்தில் பி.யூ.சி. என்கிறார்கள். தமிழ்நாட்டில் பிளஸ் ஒன், பிளஸ் டூ என்கிறார்கள். பெயர் எதுவானாலும் மூன்று பெரிய பிரிவு உண்டு. அறிவியல், வணிகவியல், கலை. அறிவியலுக்குள்ளும் கணக்கா, உயிரியலா, இரண்டுமா என்று உண்டு.

இதைப் பல வீடுகளில் ஒரு மத்தியான நேரத்தில் முடிவு செய்துவிடுகிறார்கள். மார்க் அதிகமா? அறிவியல் எடு. குறைவா? கலை எடு. பக்கத்து வீட்டுப் பெண் வணிகவியலா? நீயும் அதையே எடு, சேர்ந்து போகலாம். பள்ளிக்கூடத்திலும் மார்க்கைப் பார்த்துப் பிரிவு கொடுத்துவிடுவார்கள். பள்ளிக்கு அது சுலபம். பிள்ளைக்கு?

அந்தப் பெண்ணின் ஆசையையே எடுத்துப் பாருங்கள். நர்ஸ் படிப்பில் மூன்று வகை இருக்கிறது. ஏ.என்.எம். என்பது 2 வருடம். ஜி.என்.எம். என்பது 3 வருடம். பி.எஸ்சி. நர்சிங் 4 வருடம். மூன்றுக்கும் பன்னிரண்டாவது முடித்திருக்க வேண்டும். 17 வயது ஆகியிருக்க வேண்டும். முதல் இரண்டுக்கும் கலைப் பிரிவில் படித்தவர்களும் போகலாம். ஆனால் பி.எஸ்சி. நர்சிங்குக்கு இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்திருந்தால்தான் இடம். டாக்டர் படிப்புக்கான நீட் தேர்வுக்கும் இந்தப் பாடங்கள் வேண்டும். மாத்திரை கொடுக்கும் பார்மசிஸ்ட் வேலைக்கு டி.பார்ம். என்ற 2 வருடப் படிப்பு. அதற்கு இயற்பியல், வேதியியலோடு உயிரியலோ கணக்கோ வேண்டும். லேப் டெக்னீஷியன் படிப்புக்கும் பெரும்பாலும் அறிவியல் பிரிவுதான் கேட்கிறார்கள்.

ஆக, அந்தப் பெண் தோழியோடு சேர்ந்து வணிகவியல் எடுத்திருந்தால், ஆஸ்பத்திரியில் அவள் பார்த்த வேலைகளில் பாதிக்கு மேல் கதவு மூடியிருக்கும். மூடியது இரண்டு வருடம் கழித்துத்தான் தெரிந்திருக்கும்.

இதற்காக எல்லோரும் அறிவியல் எடுக்க வேண்டும் என்று அர்த்தமில்லை. கணக்குப் பதிவில் கெட்டிக்காரப் பிள்ளைக்கு வணிகவியல்தான் சரி. வக்கீல் ஆக, ஆசிரியர் ஆக, அரசுத் தேர்வு எழுதக் கலைப் பிரிவில் வழி இருக்கிறது. எந்த வேலைக்கு எந்தப் பாடம் என்று முதலில் கேட்டுவிட்டுப் பிறகு பிரிவு எடுங்கள். மார்க்கை மட்டும் பார்த்து எடுக்காதீர்கள்.

இப்போது அந்த வீட்டில் நடந்த இன்னொரு விஷயம். யாரோ ஒரு நோட்டீஸைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். கெட்டிக் காகிதம், கலர் படம். "ஆறே மாதத்தில் நர்ஸ் ஆகலாம்! உடனே வேலை!" கட்டணம் 45,000 ரூபாய். தவணையிலும் கட்டலாம்.

அப்பா யோசித்தார். நான்கு வருடம் எங்கே, ஆறு மாதம் எங்கே? கடன் வாங்கியாவது கட்டிவிடலாம் என்று நினைத்தார்.

அம்மா நோட்டீஸை வாங்கி மேலிருந்து கீழே படித்தாள். தமிழில் இருந்ததை அவள் படித்தாள். கன்னடத்தையும் இங்கிலீஷையும் பெண் படித்தாள். பெரிய எழுத்தைப் படித்துவிட்டு விடவில்லை. கீழே பொடி எழுத்தில் இருந்ததையும் படித்தார்கள். பிறகு அம்மா கேட்டாள்:

"ஏங்க, ஆஸ்பத்திரியில அந்த சிஸ்டர் மூணு வருஷம் படிச்சேன்னாங்களே. இவங்க ஆறு மாசம்கிறாங்க. அவங்க நர்சிங் கவுன்சில்ல பேரு பதிஞ்சிருக்கேன்னு சொன்னாங்க. இதுல கவுன்சில் பேரே இல்லையே?"

நல்ல கேள்வி. இந்தக் கேள்வி ஒரு குடும்பத்தின் 45,000 ரூபாயைக் காப்பாற்றும். நர்ஸாக வேலை செய்ய மாநில நர்சிங் கவுன்சிலில் பதிவு வேண்டும். அங்கீகாரம் இல்லாத இடத்தில் படித்தால் அந்தப் பதிவு கிடைக்காது. ஆறு மாதப் பயிற்சி முடித்தவர் ஆஸ்பத்திரியில் உதவியாளராக இருக்கலாம். நர்ஸ் ஆக முடியாது. நோட்டீஸில் அதைச் சொல்ல மாட்டார்கள்.

எந்தப் படிப்பானாலும் பணம் கட்டுமுன் இதைக் கேளுங்கள்: "இந்தப் படிப்புக்கு அங்கீகாரம் கொடுத்தது யார்? அந்தக் காகிதத்தைக் காட்டுங்கள்." பார்மசி என்றால் இந்திய பார்மசி கவுன்சில். பாலிடெக்னிக், இன்ஜினியரிங் என்றால் ஏ.ஐ.சி.டி.இ. ஐ.டி.ஐ. என்றால் மத்திய அரசு அல்லது மாநில அரசு. காட்டத் தயங்கினால் வெளியே வந்துவிடுங்கள். "இன்னைக்கே கட்டினால் தள்ளுபடி" என்றால் சீக்கிரமாக வெளியே வந்துவிடுங்கள்.

பையனின் கதை வேறு. அவனுக்குப் புத்தகம் என்றால் தூக்கம் வரும். ஆனால் வீட்டில் மிக்சி நின்றால் அவன்தான் பிரித்துப் பார்ப்பான். தெருமுனையில் இருக்கிற பைக் ரிப்பேர் கடையில் சாயங்காலம் முழுக்க நிற்பான். சொல்லாமலே பிள்ளை எதைச் செய்கிறது என்று கவனியுங்கள். மார்க் ஷீட்டில் அது இருக்காது.

கடைக்காரர் ஒரு நாள் அப்பாவிடம் சொன்னார்: "அண்ணே, பையன் கை நல்லா இருக்கு. படிப்பு ஏறலைன்னா எங்கிட்ட விடுங்க. தினம் ஏதாச்சும் கொடுக்கிறேன். தொழிலும் கத்துக்குவான்."

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. வருமானமும் வருகிறது. ஆனால் யோசிக்க வேண்டும். 2016இல் திருத்திய சட்டப்படி 14 வயது ஆகாத பிள்ளையைக் கடையிலும் கம்பெனியிலும் வேலைக்கு வைக்கக் கூடாது. 14 முதல் 18 வரை ஆபத்தான வேலைகளில் வைக்கக் கூடாது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். அந்தக் கடையில் அவன் கற்பது பெட்ரோல் வண்டியை. தெருவில் இப்போது பாட்டரி வண்டிகள் ஓடுகின்றன. நாளைக்கு அவன் வேறு இடத்தில் வேலை கேட்டால், "சர்டிபிகேட் இருக்கா?" என்பார்கள். கடையில் கற்றதற்குச் சர்டிபிகேட் கிடையாது.

இவனுக்கு ஏற்றது ஐ.டி.ஐ. அதாவது தொழிற்பயிற்சி நிலையம். அரசு நிலையங்களும் தனியார் நிலையங்களும் சேர்ந்து நாடு முழுக்க பதினாலாயிரத்துக்கும் மேல் இருக்கின்றன. 14 வயது நிரம்பியிருந்தால் சேரலாம். அரசு ஐ.டி.ஐ.யில் கட்டணம் குறைவு. எலக்ட்ரீஷியன், பிட்டர், மோட்டார் மெக்கானிக் என்றால் 2 வருடம். இவற்றுக்குப் பத்தாவது தேறியிருக்க வேண்டும். வெல்டர் 1 வருடம். வெல்டர், வயர்மேன் போன்ற சில பிரிவுகளுக்கு எட்டாவது போதும். ஆனால் எட்டாவது போதும் என்று பத்தாவதை விட்டுவிட வேண்டாம். பத்தாவது கேட்கிற இடங்கள்தான் அதிகம்.

ஐ.டி.ஐ. முடித்தபின் பெரிய தொழிற்சாலையில் அப்ரண்டிஸாகச் சேரலாம். 1961இல் வந்த அப்ரண்டிஸ் சட்டம் இதற்கு வழி செய்கிறது. வேலை கற்றுக்கொள்ளும்போதே மாதம் உதவித்தொகை உண்டு. ஐ.டி.ஐ. முடித்தவருக்கு மாதம் குறைந்தது 7,000 ரூபாய் கொடுக்க வேண்டும் என்று 2019இல் திருத்திய விதி சொன்னது. கடைசியில் தேர்வும் சர்டிபிகேட்டும் உண்டு. பைக் கடையிலும் கற்கிறான், இங்கேயும் கற்கிறான். இரண்டுக்கும் வித்தியாசம் தெரிகிறதல்லவா?

மேலே படிக்க ஆசை வந்தால் ஐ.டி.ஐ. முடித்தவர் பாலிடெக்னிக் டிப்ளமோவில் நேரே இரண்டாம் வருடம் சேரலாம். டிப்ளமோ முடித்தவர் இன்ஜினியரிங் கல்லூரியில் இரண்டாம் வருடம் சேரலாம். மெதுவாக ஏறுகிற படிதான். ஆனால் ஒவ்வொரு படியிலும் நின்று சம்பாதிக்கலாம். ஏழை வீட்டுக்கு இது பெரிய விஷயம்.

ரயில் ஓட்ட ஆசைப்படாத பையன் உண்டா? தங்கவயல் பிள்ளைகள் தினம் ரயிலைப் பார்க்கிறவர்கள். ரயில் டிரைவர் ஆவது எப்படி என்று மட்டும் தெரியாது. முதலில் உதவி ஓட்டுநராகத்தான் சேர வேண்டும். அதற்குப் பத்தாவதோடு ஐ.டி.ஐ. வேண்டும். அல்லது இன்ஜினியரிங் டிப்ளமோ, பட்டம் வேண்டும். பன்னிரண்டாவதில் அறிவியல் படித்து எவ்வளவு மார்க் வாங்கினாலும் அது மட்டும் போதாது. கண் பார்வையும் மிக நன்றாக இருக்க வேண்டும். பரிசோதனை கடுமை.

இந்த வேலை பையன்களுக்கு மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம். மகாராஷ்டிரத்தில் சாத்தாரா மாவட்டத்தில் ஒரு விவசாயி வீட்டில் பிறந்தவர் சுரேகா யாதவ். எலக்ட்ரிகல் டிப்ளமோ படித்தவர். 1989இல் உதவி ஓட்டுநராக ரயில்வேயில் சேர்ந்தார். இந்தியாவில் ரயில் ஓட்டிய முதல் பெண் அவர். சரக்கு வண்டி, பயணிகள் வண்டி எல்லாம் ஓட்டினார். 2023இல் வந்தே பாரத் ரயிலை சோலாப்பூரிலிருந்து மும்பைக்கு ஓட்டி வந்தார். 2025இல் ஓய்வு பெற்றார். அவர் சேர்ந்த காலத்தில் அந்த வேலையில் பார்த்துத் தெரிந்துகொள்ள இன்னொரு பெண் இல்லை.

பெண் பிள்ளைகளுக்கு அப்பாக்கள் சொல்கிற தடை பெரும்பாலும் ஒன்றுதான். தூரம். "தனியா அவ்வளவு தூரம் எப்படி அனுப்பறது?" அந்தத் தங்கவயல் அப்பாவும் கேட்டார். கவலை நியாயமானது. அதை ஏளனம் செய்யக் கூடாது. ஆனால் கவலைக்குப் படிப்பை நிறுத்துவது பதில் ஆகாது. அரசு விடுதி இருக்கிறதா, அதே ரயிலில் போகிற வேறு பெண்கள் இருக்கிறார்களா, பஸ் பாஸ் கிடைக்குமா என்று விசாரிப்பதுதான் பதில். அவர் தினம் போகிற ரயிலிலேயே எத்தனையோ பெண் பிள்ளைகள் கல்லூரிக்கும் கம்பெனிக்கும் போகிறார்கள். அவருக்குத் தெரியாததா? அது தன் பெண்ணாகும்போது மட்டும் பயம் வருகிறது.

"பத்தாவது போதும், கல்யாணம் பண்ணிடலாம்" என்ற பேச்சும் எழும். 18 வயதுக்கு முன் கல்யாணம் செய்வது குற்றம். பத்தாவது முடிக்கிற பெண்ணுக்கு 15, 16 வயதுதான். 18 ஆவதற்குள் பி.யூ.சி.யை முடித்துவிடலாம். ஐ.டி.ஐ.யும் முடித்துவிடலாம். கையில் தொழிலோடு இருக்கிற பெண்ணை யாரும் சுலபமாக ஏமாற்ற முடியாது.

பத்தாவதில் தவறிவிட்டால்? அழுகை, அடி, பட்டினி எல்லாம் சில வீடுகளில் நடக்கும். சில வீடுகளில் அதைவிட மோசமாகவும் நடந்திருக்கிறது. ரிசல்ட் வருகிற நாளில் பிள்ளையோடு வீட்டில் இருங்கள். ஒரு நாள் கூலி போனாலும் பரவாயில்லை. தவறிய பாடத்தை அதே வருடம் மறுபடி எழுதலாம். அதிலும் முடியாவிட்டால் தேசியத் திறந்தநிலைப் பள்ளி இருக்கிறது. 1989இல் தொடங்கியது. பள்ளிக்குத் தினம் போக வேண்டாம். ஒருமுறை சேர்ந்தால் 5 வருடத்துக்குள் 9 தடவை தேர்வு எழுதலாம். ஒவ்வொரு பாடமாகக்கூட எழுதி முடிக்கலாம். வேலைக்குப் போன பிள்ளைக்கும் இந்த வழி உண்டு. அம்மா அப்பாவுக்கும் உண்டு.

பணத்துக்கு என்ன செய்வது என்று கேட்பீர்கள். உதவித்தொகைகள் இருக்கின்றன. எட்டாம் வகுப்பில் ஒரு தகுதித் தேர்வு உண்டு. 2008இல் மத்திய அரசு கொண்டுவந்தது. அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளியில் படிக்கிற ஏழைப் பிள்ளைகள் எழுதலாம். தேறினால் ஒன்பதாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை வருடம் 12,000 ரூபாய் என்பது அதன் கணக்கு. பத்தாவதுக்கு மேல் படிக்கிற தாழ்த்தப்பட்ட, பழங்குடி, பிற்படுத்தப்பட்ட மாணவர்களுக்குத் தனி உதவி உண்டு. தொகையும் விதியும் அவ்வப்போது மாறும். அந்தந்த வருடத்து விவரத்தைத் தலைமை ஆசிரியரிடம் கேட்டு வாங்குங்கள். அவர் மறந்திருந்தால் நினைவுபடுத்துங்கள். கேட்கிற பெற்றோர் இருக்கிற பள்ளியில்தான் நோட்டீஸ் போர்டில் காகிதம் ஒட்டுவார்கள்.

பள்ளிக்கூடத்திடம் இன்னொன்றும் கேட்கலாம். 2020இல் வந்த தேசியக் கல்விக் கொள்கை, ஆறாவது முதல் எட்டாவது வரை படிக்கிற பிள்ளைகள் புத்தகப் பை இல்லாமல் பத்து நாள் தொழில்களைப் பார்த்துக் கற்க வேண்டும் என்று சொல்கிறது. தச்சர், தோட்டக்காரர், குயவர் போன்றவர்களிடம் போய்ப் பார்க்கச் சொல்கிறது. எல்லாப் பள்ளியிலும் நடக்கிறதா என்று பெற்றோர்தான் கேட்க வேண்டும். நடக்காவிட்டால் பெற்றோரே சேர்ந்து செய்யலாம். ஒரு தெருவில் எத்தனை தொழில்காரர்கள் இருக்கிறார்கள்! தையல்காரர், லைன்மேன், அஞ்சல்காரர், அங்கன்வாடி டீச்சர், லாரி டிரைவர். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒருவரைக் கூப்பிட்டுப் பிள்ளைகளை உட்கார வைத்துப் பேசச் சொன்னால் செலவு ஒரு டீதான்.

கடைசியாகக் காகிதங்கள். பிரிவும் படிப்பும் முடிவான பிறகும் பல பிள்ளைகள் இடத்தைக் கோட்டை விடுவது காகிதத்தால்தான். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், ஆதார், வங்கிப் பாஸ் புத்தகம், மாற்றுச் சான்றிதழ், மார்க் ஷீட் எல்லாம் வேண்டும். ரிசல்ட் வந்தபின் தாலுகா அலுவலகத்துக்கு ஓடினால் அங்கே ஊரே நிற்கும். மார்ச் மாதத்திலேயே சாதி, வருமானச் சான்றிதழை வாங்கி வையுங்கள். வருமானச் சான்றிதழில் தேதி பழையதாக இருந்தால் ஏற்க மாட்டார்கள். எதுவரை செல்லும் என்று அதிலேயே போட்டிருக்கும், பாருங்கள்.

பெயர் எழுத்தையும் பாருங்கள். ஆதாரில் ஒரு மாதிரி, பள்ளிப் பதிவில் ஒரு மாதிரி, பாஸ் புத்தகத்தில் ஒரு மாதிரி இருந்தால் உதவித்தொகை வந்து சேராது. பத்தாவது மார்க் ஷீட்டில் அச்சாகிற பெயரும் பிறந்த தேதியும்தான் பிறகு எல்லா இடத்திலும் கேட்கப்படும். அச்சாவதற்கு முன் திருத்துவது சுலபம். அச்சான பிறகு பல மாதம் அலைய வேண்டும். தேர்வுக்குப் பெயர் பதியும்போது பள்ளியில் அந்தப் பட்டியலைக் காட்டுவார்கள். அன்று நீங்களே போங்கள். மூன்று காகிதத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பிள்ளையின் பெயர், அப்பா பெயர், அம்மா பெயர், தேதி, ஒவ்வொன்றையும் எழுத்து எழுத்தாகப் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.